எதிரியின் நாட்குறிப்பு – 9: சிறுவயலின் விருந்தாளி

1801 பிப்ரவரி 2. பாளையங்கோட்டையில் மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டில் விருந்து. கூடியிருந்தவர்கள் ஏறத்தாழ இருபது வெள்ளைக்காரர்கள். அவர்களில் ஒருவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரியான நம் ஜேம்ஸ் வெல்ஷ். சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது கோட்டையிலிருந்து ஒரு சேதி வந்தது என்ற இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

சேதி இதுதான்: பாஞ்சாலங்குறிச்சிக் கைதிகள் தப்பிவிட்டார்கள்.

கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு அப்போது பதினைந்து மாதங்கள் ஆகியிருந்தன. அவருடைய தம்பி ஊமைத்துரையும் உறவினர்களும் அந்நாள் முதல் பாளையங்கோட்டைக் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். சிறைக்குள் அம்மை கண்டிருந்ததால் அவர்களுடைய விலங்குகளைக் கழற்றி வைத்திருந்தார்கள். அந்த இரக்கத்தை அவர்கள் வீணாக்கவில்லை. காவலர்களை மடக்கி, ஆயுதங்களைப் பிடுங்கி, வாசலைத் திறந்துகொண்டு இருட்டில் கலந்துவிட்டார்கள். கம்பெனியின் பெரும்படை சங்கரன்கோவிலில், ஏறத்தாழ முப்பது மைல் தள்ளி இருந்தது. தோட்ட வீட்டில் இருந்த அதிகாரிகளுக்குக் காவல் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஏதுமில்லை. தப்பியவர்கள் அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் திருநெல்வேலிச் சீமையில் கம்பெனிக்குக் கட்டளையிட ஆள் மிஞ்சியிருக்காது. அவர்கள் திரும்பவில்லை. நேராகப் பாஞ்சாலங்குறிச்சியை நோக்கி ஓடினார்கள்.

இருபத்தைந்து வயதை ஒட்டிய வெல்ஷ் அன்றிரவு சாகாமல் தப்பினார். அந்தத் தற்செயலால் தமிழ்நாட்டுக்கு ஒரு சாட்சி கிடைத்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அன்று அவர் இறந்திருந்தால், ஊமைத்துரையும் சிவகங்கையின் சின்ன மருதுவும் எப்படி இருந்தார்கள், எப்படி நடந்துகொண்டார்கள் என்று கண்ணால் பார்த்தவர் எழுதிய பக்கங்கள் நமக்கு வாய்த்திருக்காது. கம்பெனிக் கடிதங்களில் அவர்கள் வெறும் 'கலகக்காரர்கள்'. பிடிக்க வேண்டியவர்கள், பிடிபட்டவர்கள், தூக்கிலிடப்பட்டவர்கள், அவ்வளவுதான். அவர்களுக்கு முகமும் குரலும் கொடுத்தது எதிர்ப்படையில் நின்ற இந்த மனிதரின் நாட்குறிப்பு.

பிப்ரவரி 9ஆம் தேதி மெக்காலேயின் படை பாஞ்சாலங்குறிச்சியை எட்டியது. முன்னால் போன வீரர்கள் கண்ட காட்சியை அவர்களால் நம்ப முடியவில்லை. 1799இல் கம்பெனியின் மேஜர் பானர்மன் இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டை அங்கே நின்றுகொண்டிருந்தது. தப்பியவர்கள் வந்து சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் மண் குழைத்து, சுவர் எழுப்பி, கொத்தளங்கள் கட்டி, உள்ளே ஆயிரக்கணக்கான ஆட்கள் ஆயுதத்தோடு காத்திருந்தார்கள். கையில் இருந்த படை போதாது என்று மெக்காலேக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு வந்த வழியே திரும்பினார்கள். அதற்குப் பிறகு தூத்துக்குடியும் பாளையக்காரர்கள் கைக்குப் போனது.

மார்ச் 31. இம்முறை பீரங்கிகளோடு வந்தார்கள். சுவரில் பிளவு விழும்வரை சுட்டார்கள். பிளவு போதுமென்று தோன்றியதும் ஐரோப்பியச் சிப்பாய்கள் முன்னால், சுதேசிச் சிப்பாய்கள் பின்னால் என்று ஏறினார்கள். ஏறியவர்கள் உச்சிவரை போனார்கள். அதற்கு மேல் ஓர் அடியும் வைக்க முடியவில்லை. பிளவின் மேல் தலை காட்டியவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்தார்கள். யார் குத்துகிறார்கள் என்றே தெரியவில்லை. முன்னணியில் போன ஐரோப்பியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் செத்தார்கள் அல்லது காயம்பட்டார்கள். துணைக்கு வந்திருந்த எட்டயபுரத்து ஆட்களும் அன்று ஏராளமாக அடிபட்டார்கள். படை பின்வாங்கியது.

மண்ணால் கட்டிய, பன்னிரண்டு அடி உயரம்கூடத் தாண்டாத ஒரு சுவர். ஐந்நூறு அடி நீளம், முந்நூறு அடி அகலம் இருக்கும், கோணல்மாணலான ஒரு செவ்வகம். இதில் கம்பெனியின் படை ஏன் உடைந்தது?

இந்தக் கேள்வி வெல்ஷை விடவில்லை. மே 24ஆம் தேதி, கர்னல் அக்னியூவின் தலைமையில் பெரும்படை மீண்டும் வந்து கோட்டையைப் பிடித்ததும் அவர் உள்ளே போய்ப் பார்த்தார். கொத்தளங்கள் உட்குழிவானவை. மேலே ஏறி வருகிறவனுக்கு எதிரி கண்ணில் படமாட்டான். உள்ளே பள்ளத்தில், பீரங்கிக் குண்டும் துப்பாக்கியும் எட்டாத மறைவில், பாளையக்காரர்கள் பதினெட்டு, இருபது அடி நீளமுள்ள ஈட்டிகளோடு நின்றிருக்கிறார்கள். வெளிச்சத்தின் பக்கம் நிழலாடினால் கீழிருந்து மேலே ஒரு குத்து. அவ்வளவே போதுமானதாக இருந்திருக்கிறது. மண்ணோ பசைப்பிடிப்புள்ள களி. குண்டு பாய்ந்தால் உடைந்து சரியாமல் அதைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும்.

வெல்ஷ் இதையெல்லாம் குறித்து வைத்தார். எதிரி கோழை என்றோ, தம் படை துரதிர்ஷ்டத்தால் தோற்றது என்றோ எழுதித் தப்பித்துக்கொள்ளவில்லை. அவர்கள் கட்டியது எப்படி வேலை செய்தது, தாங்கள் எங்கே ஏமாந்தோம் என்று ஒரு பொறியாளரைப் போல எழுதினார். என்னைப் பொறுத்தவரை அவர் வரலாற்றாசிரியர் ஆனது அந்தக் குழிந்த கொத்தளத்துக்குள் நின்ற அன்றுதான். புத்தகம் அச்சானது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து என்றாலும்.

இனி ஊமைத்துரை.

தமிழ் வாசகர்களுக்கு அவரைத் தெரியும். சினிமாவிலும் நாடகத்திலும் அவர் திடகாத்திரமானவர். வெல்ஷ் காட்டும் ஊமைத்துரை வேறு. உயரமான, மெலிந்த, நோயாளி போலத் தோன்றுகிற இளைஞர். பேச்சு வராது. ஆனால் தன் வாழ்நாளில் தான் அறிந்த மனிதர்களிலேயே மிக அசாதாரணமானவர்களில் ஒருவர் என்கிறார் வெல்ஷ். அந்த மெலிந்த உடம்புக்குப் பின்னால் இருந்த மன உறுதியை வேறு யாரிடமும் பார்க்கவில்லை என்கிற தொனியில் எழுதுகிறார். மக்கள் அவரைக் கும்பிட்டார்கள். அவருடைய சைகை அவர்களுக்குச் சாமி வாக்கு. அவர் கையசைத்தால் அதை நிறைவேற்ற ஆட்கள் பாய்ந்தார்கள்.

போர்த் திட்டத்தை அவர் எப்படிச் சொல்வார் என்பதும் நாட்குறிப்பில் இருக்கிறது. சில துரும்புகளை எடுத்து இடது உள்ளங்கையில் அடுக்குவார். அவைதான் வெள்ளைக்காரப் படை. பிறகு எப்போது, எந்தப் பக்கமிருந்து என்று மற்றொரு கையால் சைகை. எல்லாம் காட்டி முடித்ததும் வாயால் விர்ரென்று ஓர் ஒலி எழுப்பி, வலது கையால் துரும்புகளை ஒரே வீச்சில் தட்டிவிடுவார். அதுவே தாக்குதலுக்கான ஆணை. அந்தத் தாக்குதலில் பெரும்பாலும் முதல் ஆளாகப் பாய்கிறவரும் அவரே.

இதை வெல்ஷ் எப்படி அறிந்தார்? பிடிபட்டவர்கள் சொல்லியிருக்கலாம், பாளையங்கோட்டைச் சிறையில் ஊமைத்துரையை நேரில் பார்த்தவர்களிடம் கேட்டிருக்கலாம். எப்படியானாலும், தன் படையை நசுக்கத் திட்டம் போட்ட ஒரு கையின் அசைவை இவ்வளவு துல்லியமாக, இவ்வளவு மரியாதையோடு எழுதி வைத்த இன்னொரு கம்பெனி அதிகாரியை எனக்குத் தெரியாது.

மே 24 அன்று கோட்டை விழுந்தபோது உயிரோடிருந்தவர்கள் ஒரே திரளாக வெளியேறினார்கள். குதிரைப்படை துரத்தியது. வழியெல்லாம் பிணங்கள். ஊமைத்துரை படுகாயத்தோடு அந்தப் பிணங்களுக்கு நடுவே விழுந்து கிடந்தார்.

இரவானதும் பெண்கள் வந்தார்கள். ஒரு தாய் தன் மகனைத் தேடிக் கண்டுபிடித்தாள். அவனுக்கு இன்னும் உயிர் இருந்தது. தூக்க முயன்ற தாயை அவன் தடுத்தான். தான் பிழைக்கப்போவதில்லை, பக்கத்தில் சாமி காயம்பட்டுக் கிடக்கிறார், அவரைக் காப்பாற்று என்றான். அந்தத் தாய் மகனை விட்டுவிட்டு ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போனாள். மோப்பம் பிடித்து எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, பெண்கள் அவர்மேல் துணியைப் போர்த்தி, சுற்றி உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். பையன் அம்மையில் போய்விட்டான் என்றார்கள். அம்மை என்ற சொல்லைக் கேட்டதும் வந்தவர்கள் நிற்கவில்லை.

சிறையில் விலங்கைக் கழற்ற வைத்த அதே அம்மை, இங்கே உயிரையும் காத்தது. இந்தச் சம்பவம் தமிழ் எழுத்தாளர்கள் கற்பனையில் பிறந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. வெல்ஷின் புத்தகத்தில் அது அச்சாகியிருக்கிறது. 1881இல் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதிய கால்டுவெல் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார். அந்தத் தாயின் பெயரை யாரும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இம்முறை வெறுமனே இடித்ததோடு விடவில்லை. உழுது ஆமணக்கு விதைத்தார்கள். கணக்கேடுகளிலிருந்து ஊரின் பெயரையே நீக்கினார்கள். ஊமைத்துரையோ காயம் ஆறியதும் ஆறாததுமாக வடக்கே, கமுதி வழியாகச் சிவகங்கைச் சீமைக்குள் போய்ச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கதவைத் திறந்துவிட்டவர் சிறுவயலில் இருந்த சின்ன மருது.

வெல்ஷின் கதை இங்கிருந்துதான் கனக்கத் தொடங்குகிறது. சிறுவயல் அவருக்குப் புதிய ஊரல்ல.

ஆறு ஆண்டுகள் பின்னால் போவோம். 1795 பிப்ரவரி. வெல்ஷுக்கு வயது ஏறத்தாழ இருபது. 1790இல் கம்பெனிப் படையில் சேர்ந்த பையன், 1793இல் புதுச்சேரி முற்றுகையைப் பார்த்துவிட்டு, இப்போது மதுரையில் முகாமிட்டிருந்த படையில் இருந்தார். சிவகங்கைச் சீமை வழியே பயணம் போனபோது, போகிற போக்கில் சிறுவயலில் சின்ன மருதுவைப் பார்க்கப் போனார்.

அரண்மனை வாசலில் காவலர் ஒருவர்கூட இல்லை. நுழைய விரும்புகிறவர் நுழையலாம், போக விரும்புகிறவர் போகலாம். வருகிறவர்கள் எல்லாம் மருதுவை வாயார வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். ஒரு தலையசைப்பால் நாட்டை ஆள்கிறவர், தனக்கென்று ஒரு வேலியும் போட்டுக்கொள்ளாமல் இருந்ததைப் பார்த்து அந்த இருபது வயது இளைஞர் வியந்திருக்கிறார். கறுத்த நிறம், பருத்த உடல், அழகான முகம், கனிவான பேச்சு என்று அவரை வர்ணிக்கிறார். அண்ணன் பெரிய மருது வேறு மாதிரி. ஆட்சி நிர்வாகத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு வேட்டையில் வாழ்ந்தவர். அசாத்திய உயரமும் பலமும் கொண்டவர். அக்கம்பக்கத்து ஐரோப்பியர்கள் வேட்டைக்குப் போக விரும்பினால் முதலில் தேடுவது அவரைத்தான். ஆபத்து நேரும் இடத்தில் முன்னால் போய் நிற்பவரும் அவர்தான்.

தற்செயலாகப் பார்க்கப் போன வெல்ஷ் நண்பரானார். மதுரையில் இருந்த காலமெல்லாம் சிறுவயலிலிருந்து அவருக்கு அருமையான அரிசி வரும், பழங்கள் வரும். சொரசொரப்பான தோல் கொண்ட பெரிய ஆரஞ்சு ஒன்று வரும். அதன் இனிப்பை இந்தியாவில் வேறெங்கும் தான் கண்டதில்லை என்று முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அச்சான புத்தகத்தில் நினைவுகூர்கிறார்.

பழம் மட்டுமல்ல. ஈட்டி எறிய முதன்முதலில் அவருக்குக் கற்றுத் தந்தவர் சின்ன மருது. வளரி வீசக் கற்றுத் தந்தவரும் அவரே. தேர்ந்த கை வீசினால் நூறு கஜத்துக்குள் எந்தக் குறியையும் தப்பாமல் தாக்கும் ஆயுதம் அது, வேறு எங்கும் அதை அறிந்தவர் அரிது என்று வெல்ஷ் வியக்கிறார். தன் நாட்டின் ஆயுதத்தை எடுத்து, அதைப் பிடிக்கும் விதம், தோளைத் திருப்பும் விதம், விடும் கணம் என்று ஒரு கம்பெனி அதிகாரிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் மருது. நம்பியவர்களிடம் ஒளிக்கத் தெரியாத மனிதர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மீண்டும் 1801. ஊமைத்துரையை ஒப்படைக்கச் சொன்னார்கள். மருதுகள் மறுத்தார்கள். ஜூன் 16ஆம் தேதி திருச்சிராப்பள்ளிக் கோட்டைச் சுவரிலும் சீரங்கம் கோயில் மதிலிலும் சின்ன மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டது. சாதி பேதமின்றி எல்லாரும் வெள்ளையருக்கு எதிராக எழ வேண்டும் என்று அழைத்த ஓலை அது. அதைப் பற்றித் தனியாகவே ஒரு வாரம் பேச வேண்டும், பேசுவோம்.

ஜூலை இறுதியில் அக்னியூவின் படை சிறுவயலை நெருங்கியது. எதிரி கையில் கிடைக்க வேண்டாமென்று மருதுவின் ஆட்களே ஊருக்குத் தீ வைத்துவிட்டுக் காட்டுக்குள் போயிருந்தார்கள். வெல்ஷ் அந்தப் படையோடு வந்தார். காவலே இல்லாமல் திறந்து கிடந்த அரண்மனை நின்ற ஊர் எரிந்து கிடந்தது.

சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட முயன்றார்கள். காலையில் வெட்டுவார்கள், மாலைக்குள் அம்பும் தோட்டாவும் பறந்து வரும். வெட்டிய இடத்தைக் காக்கவே பாதிப் படை வேண்டியிருந்தது. காய்ச்சல் வேறு. ஒரு மாதம் பாடுபட்டுவிட்டு, செப்டம்பர் தொடக்கத்தில் அந்தப் பாதையைக் கைவிட்டார்கள். அதன் பிறகு கம்பெனி கையில் எடுத்தது கோடரியைவிடக் கூர்மையான ஒன்று. படமாத்தூர் கௌரி வல்லபப் பெரிய உடையத் தேவரைச் சிவகங்கையின் உரிமையாளராக அறிவித்து, சோழபுரத்தில் பட்டம் கட்டினார்கள். மருதுகளின் பக்கம் நின்றவர்களில் பலருடைய மனம் அங்கே பிளந்தது. அக்டோபர் 1ஆம் தேதி பல திசைகளிலிருந்தும் புகுந்த படைகள் காளையார்கோவிலைப் பிடித்தன.

வேட்டை தொடங்கியது. வெல்ஷே அப்படித்தான் எழுதுகிறார்: தன் நண்பரைக் காட்டு விலங்கைத் துரத்துவதுபோல் துரத்த நேர்ந்ததே என்று. சின்ன மருது தொடை எலும்பு முறிந்த நிலையில் பிடிபட்டார். பிடித்தவர்கள் சிப்பாய்கள்கூட அல்ல, சாதாரணச் சேவகர்கள். அது வெல்ஷை உறுத்தியிருக்கிறது. உடைந்த தொடையோடு அவர் சிறையில் கிடந்ததையும் பார்த்தார். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் அண்ணனும் தம்பியும், சின்ன மருதுவின் மகனும், நெருங்கியவர்களும் தூக்கில் தொங்கியதையும் பார்த்தார். நவம்பர் 16 அன்று ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுபோய்த் தூக்கிலிட்டார்கள்.

வளரி கற்ற மாணவர், கற்பித்தவரின் தூக்குமேடைக்கு முன்னால் கம்பெனிச் சீருடையில் நின்றார். அவர் தடுக்கவில்லை. தடுக்கும் அதிகாரமும் அவருக்கு இல்லை. பதவியைத் துறக்கவும் இல்லை. இந்த இடத்தில் வெல்ஷை நியாயப்படுத்த எனக்கு மனமில்லை. அவருடைய மரியாதை அவருடைய வேலையைத் தொடவில்லை. 1806இல் வேலூர்ப் புரட்சிக்குப் பின் பாளையங்கோட்டையில், சந்தேகத்தின் பேரிலேயே முஸ்லிம் சிப்பாய்களின் ஆயுதத்தைப் பறித்துக் கோட்டையை விட்டு வெளியே தள்ளியவர் இதே வெல்ஷ். அதற்காக இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டு விடுதலையானார். 1809இல் திவான் வேலுத்தம்பியின் திருவிதாங்கூருக்கு எதிராக ஆரல்வாய்மொழி அரணை இரவில் ஏறிப் பிடித்தவரும் இவர்தான். கடைசிவரை கம்பெனியின் விசுவாசமான படைத்தலைவர்.

அப்படிப்பட்டவர் ஏன் இதையெல்லாம் எழுதினார்?

1829இல் ஊர் திரும்பினார். 1830இல் இலண்டனில் இரண்டு தொகுதிகளாக அவருடைய 'இராணுவ நினைவுகள்' வெளியாயிற்று. நாற்பதாண்டு நாட்குறிப்பிலிருந்து எடுத்தவை, கூடவே தானே வரைந்த படங்கள். அன்றைய இலண்டன் வாசகருக்கு மருது யார், ஊமைத்துரை யார்? அவர்களைப் புகழ்வதால் வெல்ஷுக்குப் பதக்கம் கிடைக்கப்போவதில்லை, பணமும் கிடைக்கப்போவதில்லை. இரண்டே வரியில் கலகக்காரர்கள் அடக்கப்பட்டார்கள் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். மேலதிகாரிகள் அப்படித்தான் எழுதினார்கள். அவரால் முடியவில்லை. ஆரஞ்சுப் பழத்தையும் துரும்புகளையும் மகனை விட்டுச் சென்ற தாயையும் விட்டுவிட முடியவில்லை. போரில் தன் கடமை என்று நினைத்ததைச் செய்தார். ஏட்டில் தான் கண்டதை மறைக்காமல் வைத்தார். முதலாவது இரண்டாவதால் மன்னிக்கப்படுகிறதா என்ற கேள்வியை அவர் வாசகரிடம் கேட்கவே இல்லை. கேட்காமல் விட்டதை நான் மதிக்கிறேன்.

அவருடைய எழுத்தை நாம் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. போர் ஏன் மூண்டது, வரி யாருக்கு உரியது, நாடு யாருடையது என்பவற்றில் அவர் கம்பெனியின் கண்ணால்தான் பார்க்கிறார். ஆனால் களத்தில் யார் எப்படி நின்றார் என்பதில் அவர் சாட்சியம் கனமானது. தன் பக்கத்துத் தோல்வியை மறைக்காதவர் எதிரியின் வீரத்தைப் பெருக்கிச் சொல்லியிருப்பார் என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

தூக்கிலிடப்படாமல் மிஞ்சியவர்கள் இருந்தார்கள். அவர்களில் சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமி. பதினைந்து வயதை ஒட்டிய பையன். அப்பாவும் அண்ணனும் பெரியப்பாவும் தூக்கில். அவனுக்கும் மற்றவர்களுக்குமாக 73 பேருக்கு நாடு கடத்தல். இடம், பினாங்கு.

1802 பிப்ரவரி. தூத்துக்குடிக் கடற்கரை. கைதிகளைக் கப்பலேற்றும் வரை காவல் காக்கும் பொறுப்பு யாரிடம் வந்தது தெரியுமா? வெல்ஷிடம்.

நண்பரின் மகன் இப்போது அவருடைய கைதி. விலங்கின் பாரத்தைக் குறைத்தார். தன்னால் இயன்ற சின்னச் சின்ன உதவிகளைச் செய்தார். பையன் அழவில்லை, கெஞ்சவில்லை. தன் நிலையை நிமிர்ந்து தாங்கிக்கொண்டான் என்பதே வெல்ஷின் மனத்தில் பதிந்தது. அந்த நாள்களில் அவர்கள் பேசிக்கொண்டது என்ன என்று நாட்குறிப்பில் இல்லை. சிறுவயல் வீட்டில் வளரி வீசக் கற்றுக்கொண்டிருந்த வெள்ளைக்காரரைக் அப்போது சிறுவனாக இருந்த அந்தப் பையன் பார்த்திருப்பானோ என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. கப்பல் பாய் விரித்தது. அவர்களில் யாரையும் மறுபடி பார்ப்போம் என்று வெல்ஷ் நினைத்திருக்கக் காரணமில்லை.

பினாங்குக்கும் வெல்ஷுக்கும் ஏற்கெனவே ஓர் உறவு உண்டு. அவருடைய மனைவி சாரா, 1786இல் அந்தத் தீவில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றிய பிரான்சிஸ் லைட்டின் மகள். மாமனார் உருவாக்கிய குடியேற்றத்துக்குத்தான் மருதுவின் மகனைக் கப்பலேற்றி அனுப்பினார் மருமகன்.

ஆண்டுகள் ஓடின. 1818. உடல்நலம் குன்றிய வெல்ஷ் பினாங்குக்கு வந்தார். இப்போது அவர் நாற்பதைத் தாண்டிய மூத்த அதிகாரி. பல போர்களைப் பார்த்து முடித்தவர்.

அங்கே ஒருநாள், அவரைப் பார்க்க ஒருவர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். வந்து நின்றவர் உடல் ஒடுங்கி, தளர்ந்து, பரிதாபமான தோற்றத்தில் இருந்த ஒரு கிழவர். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. யார் நீங்கள் என்று கேட்டார்.

வந்தவர் பெயரைச் சொன்னார்.

துரைசாமி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கப்பலேறியபோது பதினைந்து வயதை ஒட்டியவன். இப்போது முப்பதைக் கடந்து ஓரிரு ஆண்டுகள்தான் ஆகியிருக்க முடியும். பதினாறு ஆண்டு நாடு கடத்தல் ஓர் இளைஞனைக் கிழவனாக்கி அந்தக் கூடத்தில் நிறுத்தியிருந்தது. பெயரைக் கேட்டதும் வெல்ஷ் நிலைகுலைந்து போனார்.

துரைசாமி பழையதை நினைவூட்ட மட்டும் வரவில்லை. வெல்ஷ் இந்தியாவுக்குத் திரும்பப் போகிறவர் என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தீவிலிருந்த கைதிகளில் ஒருவராலும் செய்ய முடியாத ஒன்றை அவரால் செய்ய முடியும். துரைசாமி அதைக் கேட்டார். கேட்டது சிறிய உதவிதான். ஆனால் கம்பெனியின் சட்டத்துக்கும் சிறுவயலின் பழைய கடனுக்கும் நடுவே வெல்ஷ் அந்தக் கணமே பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

அவர் சொன்ன பதில்...

(அடுத்த இதழில் தொடரும்)